பெயர் சொன்ன குரலும் பெயர் இழந்த குரலும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில், இரு நகர்களுக்கும் இடையே இருக்கிறது கண்டமங்கலம். அதனைச் சுற்றிலும் உள்ள சிற்றூர்கள் தெருக்கூத்து வாழும் மண்ணைச் சேர்ந்தவை. கோடை பிறந்தால் பாரதக் கூத்து. மத்தளம் முழங்கும், முகவீணை வீறிடும், ஆர்மோனியம் சுருதி கொடுக்கும், கட்டை கட்டிய வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்து குரலெடுப்பார். இரவு தொடங்கிய அந்தக் குரல் விடியும் வரை ஓயாது.

இன்று அந்தக் கூத்துக் களரியில் புதியதொரு காட்சியையும் காண்கிறோம். பாட்டு உச்சத்தை எட்டியதும் பத்துக் கைகள் உயர்கின்றன. ஒவ்வொரு கையிலும் ஒரு கைப்பேசி. ஐந்து நிமிடப் பாட்டு அதில் பதிவாகிறது. மறுநாள் இணையத்தில் ஏறுகிறது. ஊர் கடந்து, கடல் கடந்து செல்கிறது. கேட்டவர், “அருமை! அருமை!” என்று எழுதுகிறார். பாடியவர் யார்? எழுதப்படவில்லை. எந்த ஊர் ஜமா? தெரியவில்லை. மத்தளம் அடித்தவர் யார்? கேட்பாரில்லை. குரல் ஊர் சுற்றுகிறது. குரலுக்குரியவரோ பகலில் களை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

துரியோதனன் கதையில் நமக்கு மயக்கமில்லை. புராணத்தோடு நமக்குள்ள பிணக்கைப் பலமுறை பேசியிருக்கிறோம், மறைக்கவேண்டியதில்லை. ஆனால் கதையோடுதான் பிணக்கு, கலைஞனோடு அல்ல. இரவெல்லாம் தொண்டை கிழியப் பாடும் உழைப்பாளியின் குரல், பெயரற்ற பொருளாகப் போவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பது பகுத்தறிவும் ஆகாது, பண்பும் ஆகாது. ஆகவே கேட்கிறோம்: ஒலியைப் பதிக்கும் விந்தையை மனிதன் கண்டானே, அந்த விந்தை யாருக்குப் பயன்பட்டது? யாருடைய பெயரைக் காத்தது? யாருடைய பெயரைத் தின்றது?

கருவியின் கதையை முதலில் பார்ப்போம். 1857இல் பிரான்சு நாட்டில் ஸ்காட் த மார்த்தன்வில் என்பார், கரி படிந்த தாளில் ஒலியின் அசைவைக் கோடாக வரையும் கருவியைச் செய்தார். கோடு வந்தது, குரல் திரும்பி வரவில்லை. 1877இல் அமெரிக்காவில் எடிசன், உருளையில் சுற்றிய ஈயத்தகட்டில் ஊசியால் கோடு கீறி, அந்தக் கோட்டிலேயே ஊசியை மீண்டும் ஓடவிட்டார். பேசிய பேச்சு திரும்பக் கேட்டது. மந்திரமில்லை, மாயமில்லை. குரல் காற்றை அசைக்கிறது. காற்று மெல்லிய தகட்டை அசைக்கிறது. தகடு ஊசியை அசைக்கிறது. அசைவு கோடாகிறது, கோடு மீண்டும் அசைவாகிறது. அசரீரியை நம்பியிருந்த உலகுக்கு, ஆளில்லா இடத்தில் குரல் கேட்பது எப்படி என்பதை அறிவியல் அன்று விளக்கிக் காட்டியது.

பத்தாண்டு கழிந்தது. 1887இல் எமில் பெர்லினர் என்பவர் உருளையை விட்டுத் தட்டை வட்டுக்கு மாறினார். கிராமபோன் பிறந்தது. இந்த மாற்றத்தைப் பலரும் வசதிக்கான மாற்றமென்றே எழுதுகிறார்கள். நாம் அதனை வேறுவிதமாகப் பார்க்கிறோம். எடிசனின் கருவியில் வீட்டிலிருப்பவன் கேட்கவும் முடியும், தானே பேசிப் பதிக்கவும் முடியும். பெர்லினரின் கருவியிலோ கேட்க மட்டுமே முடியும். பதிப்பது முதலாளியின் கூடத்தில். அச்சிடுவது முதலாளியின் ஆலையில். வாங்கிக் கேட்பது மட்டும் நம் வீட்டில். ஒரு மூலத்திலிருந்து ஆயிரமாயிரம் படிகள் எடுக்கலாம் என்ற வசதியை வட்டு தந்தது. அதே வசதி, குரலைச் சரக்காக்கியது. வாய் ஒருவனிடம், வட்டு இன்னொருவனிடம் என்ற பிரிவினை அங்கேதான் தொடங்கியது.

சரக்கு வந்தால் சந்தை வேண்டுமே! 1902ஆம் ஆண்டில் கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே பாடியவர்களுள் புகழ்மிக்கவர் கௌஹர் ஜான். அந்நாளில் ஒலிவாங்கி கிடையாது. கூம்பு வடிவக் குழலுக்குள் முகத்தை நீட்டி, உரத்துப் பாடவேண்டும். ஒரு வட்டில் மூன்று நிமிட அளவே பாட்டு. மணிக்கணக்கில் ஆலாபனை செய்யும் இசையை அந்த அம்மையார் மூன்று நிமிடத்துள் அடக்கிக் காட்டினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்தார்: என் பெயர் கௌஹர் ஜான்!

அந்த அறிவிப்பைக் கேட்டவர்கள் பெருமிதம் என்றனர். இருக்கலாம். ஆனால் அதற்கொரு தொழிற் காரணமும் உண்டு. மெழுகில் பதிந்த மூலம் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகர ஆலைக்குச் செல்லும். அங்குள்ள தொழிலாளிக்கு மொழி தெரியாது, பாடகி யாரென்றும் தெரியாது. வட்டின் நடுவே சரியான பெயரை ஒட்டுவதற்கு, பாடியவரே பெயர் சொல்லவேண்டியிருந்தது. ஆலையின் தேவைக்காகச் சொன்ன பெயர்தான். ஆனாலும் அது நின்றது. நூற்றாண்டு கடந்தும் அந்த வட்டைச் சுழலவிட்டால், பாட்டைத் தொடர்ந்து பெயர் வருகிறது. இதைக் கருத்தில் இருத்துங்கள், தோழர்களே. கருவி மிகப் பழையதாக இருந்த நாளில் பாடகியின் பெயர் பாட்டோடு ஒட்டியிருந்தது. கருவி மிகப் புதியதாகிவிட்ட இந்நாளில் கூத்தரின் பெயர் பாட்டைவிட்டு உதிர்ந்துவிட்டது!

உதிர்ந்த பெயர்கள் இவை மட்டுமா? அந்த வட்டு எதனால் ஆனது? அரக்கால். அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரந்துவிட்ட பிசினைச் சுரண்டிச் சேர்த்து, உருக்கி, பொடிகள் கலந்து அழுத்தியதே இசைத்தட்டு. உலகுக்கு அரக்கு அளித்த முதன்மையான நாடு இந்தியா. சோட்டா நாகபுரிக் காடுகளில் அதைச் சேர்த்தவர்கள் பழங்குடி மக்கள். லண்டன் மாளிகையிலும் நியூயார்க் விடுதியிலும் சுழன்ற தட்டில் அவர்களின் உழைப்பும் சுழன்றது. 1908இல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டு ஆலை எழுந்தது. எடிசன் பெயர் தெரியும், பெர்லினர் பெயர் தெரியும், நாய் குழலருகே அமர்ந்திருக்கும் வணிகச் சின்னம்கூடத் தெரியும். அரக்குச் சேர்த்த ஒருத்தியின் பெயர் எவருக்கேனும் தெரியுமா?

தமிழகத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே பதிவாளர்கள் சென்னைக்கு வந்துவிட்டனர். குழலின் முன் துணிந்து நின்றவர்கள் யார்? சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெண்கள். அவர்களுள் பலர், பரம்பரையாக இசையும் ஆடலும் வளர்த்த, ஆனால் ஊரார் மதிக்க மறுத்த மரபிலிருந்து வந்தவர்கள். அந்நேரத்தில் வித்துவான்கள் சிலர் என்ன செய்தார்கள்? கருவியில் பாடினால் குரல் போய்விடும், ஆயுள் குறையும் என்று அஞ்சி ஒதுங்கியதாகச் சொல்வார்கள். கருவியில் பாடியவரின் குரல் போய்விட்டதா? போகவில்லை. இன்றும் அந்தப் பெண்களின் குரல் தட்டில் இருக்கிறது. ஒதுங்கியவர்களின் குரல்தான் காற்றோடு போயிற்று. மூடநம்பிக்கை யாரை வாழவைத்தது, யாரை வீழ்த்தியது என்று சொல்லவும் வேண்டுமோ?

இரண்டு பெயர்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒருவர் நாடக மேடையின் எஸ்.ஜி. கிட்டப்பா. 1933இல் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். பேசும் படத்தில் தோன்றியதில்லை. ஆனாலும் அவர் குரல் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும், இசைத்தட்டு இருக்கிறது. மற்றவர் பாரதியார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில், கண்டமங்கலத்திலிருந்து சில கல் தொலைவில் வாழ்ந்தவர். தம் பாடல்களைத் தாமே பண்ணமைத்து, வாய்விட்டுப் பாடியவர். பதிவாளர்கள் சென்னைக்கு வந்துபோன காலம்தான் அது. அவர் குரலைப் பதிக்க ஒரு மெழுகுத் தட்டு செலவிட எவருக்கும் தோன்றவில்லை. சந்தையில் விலைபோகும் குரலென்று வணிகன் அவரை எண்ணவில்லை. 1921இல் அவர் மறைந்தார். அவரது குரல் நமக்கு இல்லை.

குரலை வேண்டாமென்று விட்ட வணிகம், பாடலை விட்டதா? அதுதான் விந்தை! பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமையை 1930களில் ஜெசிங்லால் மேத்தா என்ற வணிகர் விலைக்கு வாங்கினார். பிறகு அவ்வுரிமை, சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டு வணிகத்தின் வழியே திரைத்துறைக்கு வந்த ஏ.வி. மெய்யப்பன் கைக்குச் சென்றது. 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. நன்றுதான். ஆனால் நாடக உலகின் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலொன்றைச் சேர்த்தபோது, உரிமை யாருடையது என்ற வழக்கு மூண்டது. விடுதலை விடுதலை என்று முழங்கியவரின் பாட்டு விலங்கு பூட்டப்பட்டுக் கிடந்தது!

தமிழறிஞரும் எழுத்தாளரும் நாடகத்தாரும் கிளர்ந்தனர். பாரதி பாடல் பொதுச்சொத்தாக வேண்டுமென்ற குரல் வலுத்தது. அப்போது சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். இதே விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரில் உழவர் குடியில் பிறந்தவர். அவரது ஆட்சியின்போது, 1949இல், பாரதி படைப்புகளின் உரிமையை அரசு ஏற்றது. மெய்யப்பனும் தம் கையிலிருந்த உரிமையை விலை பெறாமலே விட்டுக்கொடுத்தார். அவ்வாறு அரசிடம் வந்த படைப்புகள் 1950களில் மக்கள் அனைவருக்கும் உரியவையாயின. அந்த வழியே பின்னர் 1990இல் பாரதிதாசன் படைப்புகளும் நாட்டுடைமையாயின. மேலும் பலருடையவை தொடர்ந்தன.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். நண்பர் கேட்பார்: “பாரதி பாட்டைப் பொதுவாக்கியதைப் போற்றுகிறீர்கள். கூத்தரின் பாட்டை இணையத்தில் பொதுவாக்கினால் மட்டும் குறை சொல்கிறீர்கள். இதென்ன நீதி? கலை மக்களுடையது, பெயர் எதற்கு?” நல்ல கேள்வி, மழுப்பாமல் விடை சொல்லவேண்டிய கேள்வி.

பாரதி பாட்டு பொதுவாயிற்று. பாரதியின் பெயர் போயிற்றா? இல்லை. எவர் பாடினாலும், எவர் அச்சிட்டாலும், பாட்டுக்கு மேலே அவர் பெயர் இருக்கிறது. பெயரைக் காத்துப் பொருளைப் பொதுவாக்கினார்கள். அதற்குப் பெயர் பொதுவுடைமை. கூத்தர் செய்தியில் நடப்பது என்ன? பொருளும் பொதுவாகவில்லை. பதிவேற்றியவர் பெயரில் அது நிற்கிறது. விளம்பர வருவாய் வந்தால் அவருக்கும் இணைய நிறுவனத்துக்கும் போகிறது. பாடியவருக்குப் பணமுமில்லை, பெயருமில்லை. அதற்குப் பெயர் பொதுவுடைமையன்று, பறிப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது, தானம் கொடுத்தவனையும் திருட்டுக் கொடுத்தவனையும் ஒன்றென்பது போலாகும்.

“பெயர் எதற்கு?” என்ற கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். சபாவில் பாடுகிறவரிடம் எவரும் அப்படிக் கேட்பதில்லை. அங்கே பாடகர் பெயர், பக்கவாத்தியக்காரர் பெயர், பாடல் இயற்றியவர் பெயர், இராகத்தின் பெயர், குருவின் பெயர்கூட அச்சாகிறது. தெருவில் பாடுகிறவரிடம் வரும்போது மட்டும், “இது மக்கள் கலை, தனியொருவர் பெயர் எதற்கு?” என்று தத்துவம் பேசுகிறோம். கலை தெருவுக்கு வந்ததும் கலைஞன் கூட்டத்தில் கரைந்துவிட வேண்டுமாம்! இதில் ஒளிந்திருப்பது தத்துவமன்று. பழைய மேல் கீழ்க் கணக்கு. அதைப் புதிய கருவி வழியே நாமும் தொடரலாமா?

சட்டமென்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், எழுதியவருக்கு உரிமை தந்தது, இசையமைத்தவருக்குத் தந்தது, ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் தந்தது. பாடியவருக்கும் ஆடியவருக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் உரிமை எதுவும் தரவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்று பிறந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒருபடி சென்றது: நிகழ்த்தியவர் இன்னார் என்று தம்மை அடையாளம் காட்டக் கோரும் உரிமையை அளித்தது. எண்ணிப் பாருங்கள்: 1902இல் ஒரு பெண் குழலின் முன் நின்று தன் பெயரைச் சொன்னாள்; அந்தப் பெயர் அவளது உரிமை என்று நம் நாட்டுச் சட்டம் ஏட்டில் எழுத 110 ஆண்டுகள் பிடித்தன! ஏட்டில் எழுதியது களரிக்கு வந்து சேர இன்னும் எத்தனை ஆண்டோ? நீதிமன்றப் படியேறும் நிலையில் எந்தக் கூத்தர் இருக்கிறார்?

ஆனால் நாம் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. ஏனெனில் கருவியின் கதை பெர்லினரோடு முடிந்துவிடவில்லை. 1925வாக்கில் மின்சார ஒலிவாங்கி பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தது. உரத்த குரலுக்கு மட்டுமே இருந்த இடம் மெல்லிய குரலுக்கும் கிடைத்தது. 1930களில் ஜெர்மனியில் காந்த நாடாவில் பதிக்கும் கருவி உருவாயிற்று. பதித்ததை அழிக்கலாம், மீண்டும் பதிக்கலாம் என்றாயிற்று. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய கேசட்டைக் கொண்டுவந்தது. அன்றுதான், பெர்லினர் பறித்துக்கொண்ட பதிக்கும் பொத்தான் மீண்டும் மக்கள் கைக்கு வந்தது! தேநீர்க் கடைக்காரர் பாட்டுப் பதித்தார். தொண்டர் தலைவரின் பேச்சைப் பதித்தார். 1973 டிசம்பர் 19ஆம் நாள் சென்னைத் தியாகராய நகரில் பெரியார் ஆற்றிய இறுதிப் பேருரையை, அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அவருடைய குரலிலேயே நாம் கேட்கிறோமென்றால், நாடாவில் அதனைப் பதித்து வைத்தவர் முன்யோசனைதான் காரணம். மூச்சு வாங்கும் ஒலிகூட அதில் இருக்கிறது. பாரதிக்குக் கிட்டாதது அவருக்குக் கிட்டியது.

இன்று அந்தப் பொத்தான் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. வணிகன் வரவேண்டும், மெழுகு கொண்டுவரவேண்டும், கப்பலேற்ற வேண்டும் என்ற நிலை போயிற்று. கண்டமங்கலத்து இளைஞனின் கையில் இருப்பது, கெய்ஸ்பர்க் கனவிலும் காணாத பதிவுக்கூடம். ஆகவே இனி முதலாளியை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நாம் ஒதுங்கமுடியாது. பெயரில்லாமல் பதிவேற்றுகிற கை, நம்முடைய கை. குற்றக் கூண்டில் நாமும் நிற்கிறோம்.

கருவிமேல் கோபப்படுவோர் உண்டு. “இயந்திரம் வந்தது, கலை செத்தது” என்று ஒப்பாரி வைப்போர் அவர்கள். நாம் அவர்களோடு சேரமாட்டோம். இயந்திரம் சாதி கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை, சபைக்குத் தகுதியா என்று கேட்கவில்லை. மதிப்பு மறுக்கப்பட்ட பெண்களின் குரலை, மதிப்பு மறுத்த வீடுகளின் கூடத்திலேயே கொண்டுபோய் ஒலிக்கவைத்தது அது. குறை இயந்திரத்தில் இல்லை. அதனை யார் இயக்குகிறார், எதைப் பதிக்கத் தகுந்ததென்று எண்ணுகிறார், பதித்ததன்மேல் யாருடைய பெயரை எழுதுகிறார் என்பதில்தான் இருக்கிறது.

எனவே பகுத்தறிவு வழி நிற்கும் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. இந்தக் கோடையில் கூத்துக் களரிக்குச் செல்லுங்கள். கதைக்குத் தலையாட்ட வேண்டாம். கலைக்குக் காது கொடுங்கள். பதிவு செய்வதற்குமுன் ஜமாவின் வாத்தியாரிடம் ஒப்புதல் கேளுங்கள். ஆட்டம் முடிந்ததும், வேடம் கலைக்கும் இடத்துக்குச் சென்று, “ஐயா, தங்கள் பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்டு, அந்த விடையையும் அவர் குரலிலேயே பதியுங்கள். மத்தளக்காரரிடம் கேளுங்கள், முகவீணைக்காரரிடம் கேளுங்கள், பின்பாட்டுக்காரரிடமும் கேளுங்கள். ஊரையும் நாளையும் எழுதுங்கள். அதன் பிறகு பதிவேற்றுங்கள். பணம் வந்தால் பங்கு கொடுங்கள்.

நாற்று நடும் பெண்ணின் பாட்டையும், இழவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் கிழவியின் பாட்டையும் இவ்வாறே அவர்கள் இசைவோடு பதியுங்கள். மூன்று நிமிடத் தட்டுக்குள் விடியவிடிய நடக்கும் கூத்து அடங்கவில்லை. வணிகனின் கணக்குக்குள் கிழவியின் ஒப்பாரி அடங்கவில்லை. இன்றைய கருவிக்கு அந்த எல்லைகள் இல்லை. எல்லை இருக்குமானால், அது நம் கருத்தில்தான் இருக்கும்.

பாரதியின் குரலைத் தவறவிட்ட நாடு இது. அன்று கருவி சிலரிடம் இருந்தது. ஆகையால் தவறு சிலருடையது. இன்று கருவி எல்லோரிடமும் இருக்கிறது. இனித் தவறவிட்டால் தவறு எல்லோருடையதும் ஆகும். அடுத்த முறை களரியில் கைப்பேசி உயரும்போது, பாட்டு முடிந்த பின்னும் பொத்தானை அணைக்காதீர்கள். பாடியவர் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். பிறகு அவர் தம் பெயரைச் சொல்லட்டும்.